இரும்பு தட்டுகிற பாட்டுக்காரர்

எழுபதாம் வருஷ வாக்கில், துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டியே லூயிஸுக்குக் காது போய்விட்டது. தெருவே ‘டமாரம்’ என்று கேலி பேச, மனுஷன் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். மீன் விற்கும் அவர் பெண்டாட்டி வியாகுலம்மாளுக்கு அது பொறுக்கவில்லை.

கல்மண்டபம் கடைத்தெருவில், பழைய கப்பல் சாமான் கடையில் ஒரு வெள்ளைக்காரரின் போட்டோ விற்பனைக்குத் தொங்கியது. இரும்புத் தகட்டுக்கு முன்னால், கையில் சுத்தியலோடு நின்றார்.

“இன்னா நைனா, இவரும் துரு தட்றவரா?” என்று கடைக்காரரைக் கேட்டாள் வியாகுலம்மாள்.

“இல்லம்மா, பெரிய சங்கீதக்காரரு. இரும்பத் தட்டிட்டு, இதான் பாட்டுன்றாரு. ஊரே கைதட்டுதாம்.”

“அப்போ எங்க வூட்டுக்காரரு இத்தினி வருசமா பாடிகினுதான் இருந்தாரா!”

கூடையிலிருந்த வஞ்சிரத்தைக் கடைக்காரர் கையில் திணித்துவிட்டு, படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

லூயிஸ் படத்தையே பார்த்தார். “பாவம், இவுருக்கும் காது பூட்சா?”

கத்தினாலும் அவருக்குக் கேட்காது. வியாகுலம்மாள் படத்தைக் காட்டினாள், அவரைக் காட்டினாள், படபடவென்று கைதட்டினாள். லூயிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்த சுவரில் படத்துக்கு ஆணி அடித்தார். ஆணி இறங்கின பிறகும் இன்னும் நாலு அடி அடித்தார்.