நோல்ஃபாவின் வடிதாள்

தென்சிலியில் எங்கள் ஊரான கொய்யாய்க்கேயில் நோல்ஃபா மான்சீயாவைப் ‘புகைக்காரி’ என்றுதான் கேலி செய்வோம். சுகாதார நிலையத்தின் கூரைமேல், காற்றிலுள்ள தூசை அளக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பனி உறைந்த ஏணியிலும் சரசரவென்று ஏறுவாள். அவள் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு குளிர்காலத்தில்தான்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். மலைகளுக்கு நடுவே குண்டானுக்குள் உட்கார்ந்ததுபோல் எங்கள் ஊர். குளிரில் புகை மேலே போகாது. அர்ஜென்டினாவில் காடு எரிகிறது, எரிமலைச் சாம்பல் வருகிறது என்று ஊரார் யார்மீதோ பழி போட்டோம். எந்திரத்தில் தூசு படியும் வடிதாள்களை அவள் அனுப்ப, அவற்றைச் சோதித்த ஆய்வகம், எல்லாம் உங்கள் விறகடுப்புதான் என்று எழுதிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறைபனியில் அடுப்பில்லாமல் எவன் இருப்பான்?

எங்கள் பக்கம் ஜூன்தான் கடுங்குளிர்; அந்த ஜூனில் அவள் மகள் ரெனாத்தாவுக்கு மூன்று மாதம். நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது. ஒரு காலை, கூரையிலிருந்து இறங்கிய நோல்ஃபா நேரே என் வீட்டுக்கு வந்தாள். வெள்ளையாய் வைத்த வடிதாள் கரியாகியிருந்தது. எந்திரம் காட்டிய தூசு அளவை மேலிடத்துக்கு அனுப்பினால் ஊர் முழுக்க அடுப்புக்குத் தடை வரும். குழந்தை குளிரில் விறைக்கும். அனுப்பாவிட்டால் புகை. எந்திரம் பழுது என்று எழுதிவிட்டால் அன்றைய அளவு செல்லாது. அப்படி எழுதச் சொன்னவள் நான்.

“எழுதிடலாம்க்கா. ஆனா அவ நெஞ்சு இரைக்கிறதைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு. அனுப்பிடுறேன். நீங்களும் அடுப்பை அணைச்சிடுங்க.”

அணைக்கிறேன் என்றேன். மதியம் தடை வந்தது. அவள் அடுப்பை அணைத்து, குழந்தையைக் கம்பளிக்குள் மார்போடு கட்டிக்கொண்டாள். நானோ ஈர விறகைத் திணித்து, விறகு ரொம்ப நேரம் வரட்டுமென்று அடுப்பின் காற்றுக்கதவைச் சாத்திவிட்டு, மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுப் புகையில் என்ன ஆகிவிடும்? தெருவில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப்புறம் இருமல் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. ஓடினேன். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நோல்ஃபா ஒரு கையால் பலகை இடுக்கில் ஈரத்துணி திணித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிருந்துக்கா இவ்வளவு புகை?”

“என் வீட்ல இருந்துதான்டி.”

 குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். வண்டி வர இருபது நிமிடமாயிற்று. ரெனாத்தா பிழைத்தாள், மாதா புண்ணியம். ஆனால் வண்டி வரும்வரை அந்தப் பிஞ்சு மூச்சுக்குத் தவித்தது என் மார்மேல். புகை நாறும் என் கம்பளிச் சட்டையில் முகம் படாதபடி, அதை எட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.