எட்டு ஜோடி

பிள்ளைகளா, நம் வீட்டில் சீட்டுக்கட்டைத் தொடக்கூடாது என்று நான் கண்டிப்பாக இருப்பதால், எனக்கு ஆடவே தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். தெரியும். ஒன்பது வயதில் மிஷன் ஆஸ்பத்திரியில் வைத்து ஆடியிருக்கிறேன். அதுவும் ரொட்டியைப் பந்தயம் வைத்து.

எம். புதுப்பட்டியில் பட்டாசுக்கு மருந்து கலக்கிற அறை தீப்பிடித்ததில் என் தாய்மாமாவுக்கு முகமும் கைகளும் வெந்துவிட்டன. கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனால்தான் ஆமத்தூரில் எங்கள் அடுப்பு எரியும். அதனால் துணைக்கு என்னை விட்டுவிட்டுப் போனாள். சாப்பாடு நோயாளிக்கு மட்டும்தான். மாமாவின் தட்டில்தான் நானும் கை வைக்க வேண்டும். நாலு மணிக்குக் கட்டிலுக்கு இரண்டு துண்டு ரொட்டி வரும். அதற்காகக் காலையிலிருந்தே காத்திருப்பேன்.

எதிர்க் கட்டிலில் இருந்தவர் மாமாவோடு அதே அறையில் வேலை பார்த்தவர். அவர் கையில் காயமில்லை. அனல் தொண்டைக்குள் போயிருந்தது. நர்சம்மா கரண்டியில் ஊட்டும் பார்லித் தண்ணீரே பாதி வெளியே வந்துவிடும். முதல் நாளே, "இந்தாலே, தின்னு" என்று தன் ரொட்டியை நீட்டினார்.

"ஓசில வாங்கித் திங்காதலே!" என்று மாமா அதட்டினார். ரோஷக்காரர்.

மறுநாள் எதிர்க் கட்டில்காரர் ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். "அண்ணாச்சி, பொழுதே போகல. ரொட்டிய வச்சு ஆடுவமா?"

மாமா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆட்டம்னா சரி" என்றார்.

ஆளுக்கு மூன்று சீட்டு. முதலில் ஒரு துண்டு வைக்க வேண்டும். சீட்டைப் பார்த்தபின் துணிந்தால் இரண்டாவது துண்டையும் வைக்கலாம். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, வைத்த துண்டை இழக்க வேண்டும். இருவரும் வைத்தால் சீட்டை விரித்து, பெரிய ஜோடிக்காரர் நாலு துண்டையும் எடுத்துக்கொள்வார். மாமாவின் சீட்டைப் பார்த்து நான் காதில் சொல்வேன். முதல் நாலு நாள் ஆட்டத்திலும் எதிர்க் கட்டில்காரரே கவிழ்த்தார். "உங்க மருமவன் கைராசிக்காரன் அண்ணாச்சி" என்று கரகரத்த குரலில் சொல்லி, ஒரு துண்டை என் பக்கம் தள்ளுவார்.

ஐந்தாம் நாள் அவர் சாய்ந்தே கிடந்தார். மூச்சு இழுத்தது. சீட்டை அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, முதல்முறையாக இரண்டாவது துண்டையும் வைத்தார்.

எங்கள் சீட்டில் எட்டு ஜோடி, அதாவது இரண்டு எட்டு. விரல் விட்டுப் பார்த்தேன். ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராசா, ஆஸ். எட்டுக்கு மேலே ஆறு. கீழேயும் ஆறு. நட்டநடுவில் மாட்டிக்கொண்டேன். எந்நாளும் கவிழ்ப்பவர் இன்று வைக்கிறார் என்றால், பெரிய ஜோடியாகத்தானே இருக்கும்? இருக்கிற ஒரு துண்டும் போய்விட்டால் ராத்திரிவரை பட்டினி.

"என்னலே சீட்டு?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"அப்பக் கவுத்திரு."

கவிழ்த்தேன். எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "என்ன அண்ணாச்சி, இப்பிடிப் பண்ணிட்டீக" என்று முனகியபடி தன் சீட்டை விரித்துப் போட்டார். இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றுமே இல்லை. ஏமாற்றி ஜெயித்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். ஜெயித்தவர் முகம் ஏன் அப்படி வாடிப்போனது என்று யோசிக்கவில்லை. மிஞ்சிய துண்டை, "நீயே தின்னு" என்று மாமா சொன்னதும் தின்றேன்.

விடிந்து பார்த்தபோது எதிர்க் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து முக்காலியில் மூன்று துண்டு ரொட்டியும் அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. ஆயா அதை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"மாமா, ஜெயிச்ச ரொட்டிய ஏன் திங்காமலே போயிட்டாரு?" என்று கேட்டேன்.

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நல்ல ரொட்டி வீணாய்ப் போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.