ஏவிஸ் ஹோல்ராய்டின் இரண்டாம் பசு

டெர்பிஷயர் மலைச்சரிவில் உள்ள வின்ஷாவில் ஏவிஸ் ஹோல்ராய்டைத் தேடி வருகிறவர்கள் முதலில் மரத்தின் மேல்தான் பார்ப்பார்கள். வயது நாற்பத்தாறு. கணவன் போனபின் மூன்று ஏக்கரும் இரண்டு பசுக்களும் அவள் பொறுப்பு. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளை கழிக்க அரிவாளோடு ஏறிவிடுவாள்.

ஒருவர் தன் நிலத்தில் விளைந்ததைப் போட்டு எத்தனை மாடுகளைக் குளிர்காலம் தாண்டவைக்கிறாரோ, அத்தனையைத்தான் கோடையில் பொதுமேய்ச்சலில் விடலாம் என்பது அவ்வூர் வழக்கம். அவள் பரணில் ஒரு மாட்டுக்குத்தான் புல் இருந்தது, இரண்டாவதற்குச் சந்தையில் வாங்கித்தான் போட்டிருப்பாள் என்று ஊரின் நிலப்பிரபு நடத்தும் மன்றத்தில் முறையிட்டான் ரேஃப் டட்டன். ஐம்பது ஏக்கர்காரன், அவனுடைய ஆடுகளுக்கே மேய்ச்சல் போதவில்லை. தீர்ப்பு அவன் பக்கம் போனால் இரண்டாவது பசுவான பிரிண்டிலை விற்கவேண்டியதுதான். ஏவிஸ் விற்கும் பாலாடைக்கட்டியில் பாதி அந்தப் பசுவின் பால்.

ஏப்ரல் கடைசியில் மன்றத்துக்கு நடுவர்களாக இருந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் அவள் முற்றத்துக்கே வந்தார்கள். ரேஃபும் கூடவே வந்தான். ஏவிஸ் அவர்களைத் தொழுவத்தின் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே அவள் நிலத்து ஹாலி மரத்தின் கிளைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன; குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத, இலை விளிம்பில் முள் உள்ள மரம் அது. ஒன்றில்கூட இலை இல்லை. பட்டையும் கடித்து உரிக்கப்பட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரிண்டில் தின்றுவிட்டுப் போட்ட மிச்சம் என்றாள்.

ரேஃப் சிரித்தான். "முள்ளத் தின்னுச்சாம் மாடு. பால வடிகட்டிக் குடிங்கப்பா, ஊசி கிடக்கும்."

"கீழ்க் கிளையிலதான் முள்ளு, ரேஃப். மேல போகப் போக இலை வழவழன்னு இருக்கும். ஏறிப் பாத்திருந்தா தெரியும்."

நடுவர்களில் மூத்தவர் தச்சர் கைல்ஸ். மரம் பிரபுவுக்குச் சொந்தமாயிற்றே என்று இழுத்தார்.

"அடிமரம் அவருக்கு. கழிக்கிற கிளை நிலம் வச்சிருக்கறவங்களுக்கு. உங்க அடுப்புல எரியறதும் அப்படி வந்ததுதானேண்ணே?"

பன்னிரண்டு பேர் வீட்டிலும் அதுதான் எரிந்தது. கைல்ஸ், அவள் புதிதாக வெட்டி வைத்திருந்த உச்சிக் கிளையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி விரலால் தடவிப் பார்த்தார். பிரிண்டிலிடம் நீட்டினார். அது இலையோடு அவர் சட்டைக் கையையும் சேர்த்து இழுத்தது. அவள் மண்ணில் முளைத்தது அவள் தீவனமே என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார்கள்.

மே முதல் நாள் காலையில் இரண்டு பசுக்களும் மேய்ச்சல் வாசலைக் கடந்தன. இளம்புல் கணுக்கால் உயரம் நின்றது. பிரிண்டில் மட்டும் வேலியோர ஹாலியிடம் போய்க் கழுத்தை நீட்டி, முள் குத்தியதும் தும்மிவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது. ஏவிஸ் வாசலில் சாய்ந்து நின்றபடி ஓட்ஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.