ஸ்டெல்லாவின் மஞ்சள் அட்டையும் என் பளபளா கார்டும்

சேலையூரில் தனபால் சார் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தாலே கம்ப்ரஸர் ஓடும் சத்தம் காதை அடைக்கும். சிலிண்டர்களுக்குக் காற்று அடைத்துக்கொண்டிருப்பார். கொடியில் காயும் ரப்பர் உடைகளிலிருந்து ஒரு வாசனை வரும்... பஞ்சர் கடையும் கருவாடும் கலந்த மாதிரி.

தொண்ணூற்றாறு அல்லது தொண்ணூற்றேழு இருக்கும்.

தனபால் சார் கடற்படையில் டைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைக் கோவளத்துக்குக் கூட்டிப்போய், மீன்பிடிப் படகில் ஏற்றி, கடலடிப் பாறைகளைக் காட்டிவிட்டு வருவார். முதுகில் சிலிண்டரோடு கடலுக்கடியில் போகிற ஸ்கூபா டைவிங்கைப் பற்றி அன்றைக்குத் தாம்பரத்தில் சொன்னால், "அது இன்னா, புது ஸ்கூட்டரா?" என்று கேட்பார்கள்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. இரண்டு பேருமே மஸ்கட்டில் வேலை பார்த்தவர்கள்தான். நான் ஏ.சி. கம்பெனியில், அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆனால் அங்கே ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. பெண் பார்க்கப் போனபோது, "எனக்கும் டைவிங் தெரியும்" என்றாள். நான் சும்மா சிரித்துவைத்தேன்.

டைவிங் பயிற்சி முடித்ததற்கான என் கார்டு, உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஏஜென்சி கொடுத்தது. பிளாஸ்டிக். பர்ஸில் வைத்து நாலு பேரிடம் காட்டாமல் இருக்க மாட்டேன். அவளுடையது மடித்துவைத்த ஒரு மஞ்சள் அட்டை. ஸ்டேபிள் அடித்த போட்டோ, பாதி அழிந்த சீல், வாயில் நுழையாத ஏதோ ஐரோப்பியச் சங்கத்தின் பெயர்...

சேலையூர் போகும் பஸ்ஸிலேயே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"இதெல்லாம் எடுத்துக்க மாட்டாங்க ஸ்டெல்லா. நீ படகுல உக்காந்துக்கோ. நான் மட்டும் இறங்கிட்டு வந்துடறேன்."

"கேட்டுப் பார்ப்போங்க" என்றாள். அவ்வளவுதான்.

தனபால் சார் இரண்டையும் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அட்டையைத் திருப்பித் தரப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். எந்த ஏஜென்சியா இருந்தா எனக்கு இன்னா? ரெண்டுமே முதல் லெவல். அறுபது அடி வரைக்கும் போலாம். லாக் புக்கை எடுங்க."

ஒவ்வொரு முறை கடலில் இறங்கியபோதும் எத்தனை அடி, எத்தனை நிமிஷம் என்று எழுதி, கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்கிவைக்கும் நோட்டு அது. என்னுடையதில் நாலே நாலு பக்கம். நாலும் பயிற்சியில் இறங்கியது. அதற்கும் நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஸ்டெல்லா கைப்பையிலிருந்து தடியாக இரண்டு நோட்டுகளை எடுத்தாள். தனபால் சார் புரட்டினார்... புரட்டிக்கொண்டே போனார்.

"நூத்திப் பன்னெண்டா? என்னம்மா சொல்ற!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்று தெரியும். நூற்றுப் பன்னிரண்டு முறை கடலுக்கு அடியில் போய் வந்தவள் என்று தெரியாது.

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லயேங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்றது.

"உனக்கும் ரெண்டு வருஷம் கேப் ஆயிடுச்சும்மா. கடலுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கிணத்துல இறங்கிக் காட்டணும்" என்றார் தனபால் சார்.

கோவிலம்பாக்கத்தில் அவருக்குத் தெரிந்தவரின் வயல் கிணறு. அகலமான, ஆழமான கிணறு. உச்சி வெயில் நேராக உள்ளே விழுந்தும் தண்ணீர் பச்சையாக இருந்தது. மூன்று பேரும் இறங்கினோம். இருபதடியில் நிறுத்தி, மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றச் சொல்லிச் சைகை காட்டினார். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம்.

ஸ்டெல்லா கண் சிமிட்டும் நேரத்தில் செய்துவிட்டாள்.

நான் தண்ணீர் விட்டேன்... ஊதுவதற்குப் பதில் மூக்கால் இழுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். மூளை வேலை செய்யவில்லை. இருமலில் வாயில் கடித்திருந்த ரெகுலேட்டர் நழுவியது. மூச்சுக் காற்று வருவதே அதன் வழியாகத்தான். மேலே போய்விட வேண்டும் என்று கையைக் காலை உதைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படி எகிறினால் நுரையீரல் கிழிந்துவிடும் என்பதுகூட நினைவில்லை.

ஒரு கை என் தோள் பட்டையைப் பிடித்து நிறுத்தியது. இன்னொரு கை ரெகுலேட்டரை என் வாயில் வைத்து அழுத்தியது. காற்று வந்தது. இருமி இருமி மூச்சு வாங்கினேன். ஸ்டெல்லா முகத்துக்கு நேராக முகம் வைத்து, மெதுவா, மெதுவா என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தாள். தனபால் சார் நெருங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேலே வந்து கிணற்றுப் படியில் உட்கார்ந்தேன்.

"அம்மா வரலாம். சார், நீங்க வேணாம்" என்றார் தனபால் சார்.

அந்த ஞாயிறு கோவளத்தில் படகில் உட்கார்ந்திருந்தது நான்தான். ஸ்டெல்லா பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் விழுந்தாள். நீர்க்குமிழிகள் தள்ளித் தள்ளிப் போவதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி வந்து மூச்சு வாங்க வாங்க என்னவெல்லாமோ சொன்னாள். அன்றுதான் அவளிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன். பிறகு மூன்று வாரம் அதே கிணற்றில் இறங்கிப் பழகி, ஒருவழியாக நானும் கடலுக்குப் போனேன்.

இப்போது அந்தக் கிணற்றைத் தூர்த்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். தனபால் சாரும் இல்லை.

போன வருஷம் அந்தமான் போனோம். டைவ் கடையில் இருந்த பெண், எங்கள் மொபைலில் இருந்த இரண்டு கார்டுகளின் போட்டோவையும் பார்த்தாள். "எல்லா ஏஜென்சியும் ஓகே சார்" என்று சிரித்து, ஃபாரத்தை நீட்டினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானே சொன்னேன்.

"பதினோரு வருஷம் ஆச்சும்மா. முதல்ல ஆழமில்லாத இடத்துல எங்கள இறக்கிப் பாரு."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.