எதிர் ஃபிளாட்டுக்குப் போன கல்யாணச் சீர்

விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு வந்த மாமிக்கு இங்கே எல்லாமே பிடித்திருந்தது. ஒரே ஒரு குறைதான், கல்யாணம் இல்லை. வாப்பாவின் அக்கா அவள், அவருக்கு ராத்தா. ஊரில் மாமி வந்து நிற்காமல் எந்த வீட்டுச் சீர்த்தட்டும் வாசல் தாண்டாது. மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பெண்கள் கூடிக் குரவையிடுவது எங்கள் கடற்கரை ஊர் வழக்கம். நாக்கைச் சுழற்றி முதல் குரவையை எடுத்துக் கொடுப்பவள் மாமிதான். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். கூப்பிடாத கல்யாணத்துக்கும் மாமி போவாள் என்று வாப்பா கேலி செய்வார். கூப்பிடாத கல்யாணம் என்று ஒன்று ஊரில் இருந்ததே இல்லை என்பாள் மாமி.

இங்கேயோ கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். ஏசி ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. மாமி பால்கனியில் நின்று ரோலா கடைத்தெருவைப் பார்த்தபடி, "இம்புட்டுச் சனம் இருக்காக, ஒருத்தர் வீட்டுலயுமா கலியாணம் வைக்கலே?" என்று அங்கலாய்ப்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததால் மாமிக்கு நான்தான் துபாஷி. சூப்பர் மார்க்கெட்டில் பேரம் பேசச் சொல்லி என்னை அவள் படுத்திய பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு நர்ஸ் ஆன்ட்டி இருந்தார். மேற்கே வெகுதூரத்தில் உள்ள ஓர் அரபு நாட்டுக்காரர். அந்த நாட்டின் பெயர் மாமியின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. "அந்தப் புள்ள ஊரு" என்றே சொல்லிவந்தாள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே ரொம்பக் காலம் ஒரே ஆள் ஆண்டுகொண்டிருந்தார், ஜனங்கள் தெருவில் இறங்கி அவரை விரட்டிவிட்டார்கள் என்று வாப்பா செய்தி பார்த்துச் சொல்லியிருந்தார். உம்மாவும் மாமியும் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தார்கள்.

ஆனால் நர்ஸ் ஆன்ட்டி வீட்டு ஹாலில் மாட்டியிருந்த படத்தை மாமி விடவில்லை. கோட்டும் டையுமாக, மெல்லிய மீசையோடு ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் என்றார் ஆன்ட்டி. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கச் சொல்லி மாமி என் விலாவில் இடித்தாள். இல்லை, ஆகவில்லை என்று அவர் சொன்னதும் மாமியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு லட்சணமான பிள்ளைக்கு இன்னும் பெண் அமையவில்லையா என்று இரவுச் சாப்பாட்டின்போதும் அவள் கவலைப்பட்டாள்.

ஒருநாள் நர்ஸ் ஆன்ட்டி எங்கள் கதவைத் தட்டினார். வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய அம்மா டிவியில் வரப்போகிறாராம். ஊரிலிருந்து நேரடியாகக் காட்டுவார்களாம். அண்ணனுக்காக நடக்கிற காரியம், இந்த நாளுக்காக அம்மா எத்தனையோ வருடம் காத்திருந்தார், தோழிகள் எல்லாம் வருகிறார்கள், நீங்களும் வர வேண்டும் என்றார். ஒரே ஒரு பயம்தான் அவருக்கு. அம்மா கூச்சக்காரர், அத்தனை பேர் முன்னால் வாய் திறப்பாரோ மாட்டாரோ, அவர் பேசவில்லை என்றால் எல்லாம் வீண். இதைச் சொல்லும்போது அவர் தன் விரல்களைத் திருகிக்கொண்டே இருந்தார்.

நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். அதில் எனக்குப் பெருமைகூட. மாமி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அண்ணன்காரனுக்குக் கலியாணம்."

யோசித்துப் பார்த்தால் மாமியைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் நிக்காஹ் நடக்கும்போது வளைகுடாவில் இருக்கிற அண்ணன் தம்பிகளெல்லாம் அறையில் கூடி அமர்ந்து லைவில் பார்ப்பதுதான் வழக்கம். வாப்பாவே தன் திரைச்சீலைக் கடையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து எத்தனையோ கல்யாணங்களுக்குக் கண் கலங்கியிருக்கிறார். இருந்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ராத்தா, டிவி சேனல்ல எவன் கலியாணம் காட்டுவான்?"

"பெரிய எடமா இருக்கும். ஒனக்கு என்னடா தெரியும்? மாப்புளயப் பெத்தவளுக்குக் கூச்சம் இருக்கத்தானே செய்யும்!"

மாமிக்கு உயிர் திரும்பியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வட்டிலாப்பம் வெந்து, வீடெல்லாம் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணத்தது. ஒரு தட்டில் அது, இன்னொன்றில் பழம், மூன்றாவதில் மல்லிகைப்பூவும் அத்தர் குப்பியும், நான்காவதில் மாப்பிள்ளைச் சட்டைக்கு வாப்பா வாங்கிவந்த துணி. எல்லாவற்றையும் ஜரிகைத் துணியால் மூடினாள். உம்மா பட்டு உடுத்தினாள். எனக்குப் பெருநாள் கவுன்.

கிளம்பும்போதுதான் பிரச்சினை வந்தது. எதிர்க் கதவு நாலடி தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்து கதவுக்குள் நுழைவதற்குப் பெயர் சீரா என்று மாமி கேட்டாள். சீர் என்றால் ஊர்வலம் போக வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். ஆகவே நாங்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி, பார்க்கிங் வழியாக வந்து, மறுபடி லிஃப்டில் ஏறினோம். வட்டிலாப்பத் தட்டோடு வாப்பா கடைசியில் வந்தார். தெரிந்த கஸ்டமர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. வாட்ச்மேன் பாய் எழுந்து நின்று, "ஷாதி முபாரக்!" என்றார். மாமி ராணி மாதிரி தலையசைத்தாள்.

நர்ஸ் ஆன்ட்டி கதவைத் திறந்தார். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் சாதாரண உடையில், டிவியின் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் கேக்கும் புதினா டீயும் இருந்தன. எல்லோரும் எங்கள் பட்டையும் தட்டையும் பார்த்தார்கள். இது என்ன என்று ஆன்ட்டி கேட்டார். உங்கள் அண்ணன் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் வழக்கப்படி சீர் என்று நான் இங்கிலீஷில் உரக்கச் சொன்னேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தட்டாக வாங்கி அண்ணன் படத்தின் கீழே வரிசையாக வைத்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று மாமி எனக்கு விளக்கம் சொன்னாள்.

டிவியில் ஒரு பெரிய மண்டபம் தெரிந்தது. வரிசை வரிசையாக ஜனங்கள், மேடையில் நீள மேஜை, மைக்குகள். ஜோடனையே இல்லையே என்று மாமி முணுமுணுத்தாள். வெள்ளை முக்காடு போட்ட ஒரு மூதாட்டியை அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அறையில் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் ஆன்ட்டி டிவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா பேசவில்லை. மைக்கைப் பார்த்தார், மடியில் இருந்த பையைப் பார்த்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மேஜைக்காரர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அப்போதும் பேசவில்லை. ஆன்ட்டி திரையைத் தொட்டு, கெஞ்சுகிற குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா எழுந்து போய்விடுவாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

மாமிக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா மேடையில் தனியாகத் திணறிக்கொண்டிருக்கிறாள், சுற்றி இத்தனை பெண்கள் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்களே என்று நினைத்திருப்பாள். சட்டென்று எழுந்து, முந்தானையை வாயருகே பிடித்து, ஒரு குரவை விட்டாள். அந்த ஃபிளாட்டின் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அடுத்த நொடி, மூலையில் இருந்த ஒரு பெண் அதே குரவையை எடுத்தார், பிறகு இன்னொருவர், பிறகு எல்லோரும். அந்தப் புள்ள ஊரிலும் குரவை உண்டு என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது! மாமி பூரித்துப்போனாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் டிவியில் அந்த அம்மா தலை நிமிர்ந்து பேச ஆரம்பித்தார். மாமியின் குரவை அங்கே கேட்டுவிட்டது என்று நான் சத்தியமாக நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பையிலிருந்து அதே கோட்டு, டை, மீசைப் படத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். அறையில் பெண்கள் அழுதார்கள், அழுகையோடு சிரித்தார்கள், கை தட்டினார்கள். கல்யாண வீட்டில் அழுகை சகஜம்தான் என்பதால் மாமியும் கூட அழுதாள். பேசி முடித்ததும் மண்டபமே எழுந்து நின்றது. நர்ஸ் ஆன்ட்டி ஓடிவந்து மாமியின் கையை முத்தமிட்டார். வட்டிலாப்பம் வழித்துத் துடைத்துக் காலியானது.

வாப்பா மட்டும் கதவோரம் அசையாமல் நின்றிருந்தார். அவருக்குத் தெரிந்தது கடை அரபிதான். ஆனாலும் என் மகன், போலீஸ், எங்கே என்கிற வார்த்தைகள் புரியாமல் இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் உம்மாவையும் மாமியையும் அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அல்லாவே, நான் என்ன காரியம் பண்ணிப்புட்டேன்!" என்று மாமி அலறியது மட்டும் எனக்குக் கேட்டது.

உள்ளே பேசியது எனக்குக் கிடைக்கப் பல வருடம் ஆனது. அந்த அண்ணன் கல்லூரி மாணவராக இருந்தபோது போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. திரும்பவில்லை. உன் மகன் எங்கோ வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான் என்று சொல்லி அம்மாவை அனுப்பிவிட்டார்கள். மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு அவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார். ஆட்சி போன பிறகு, பழைய கொடுமைகளை ஊர் அறியச் சொல்ல ஒரு சபை கூட்டினார்கள். அதில்தான் அவர் பேசினார். கூட்டிக்கொண்டு போன அதிகாரியின் பெயரைச் சொன்னார். அந்த ஆள் இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டும், மகனை எங்கே புதைத்தார்கள் என்று காட்ட வேண்டும், அது போதும் என்றார்.

மறுநாள் நர்ஸ் ஆன்ட்டி கையில் ஃபோனோடு வந்தார். அம்மா வீடியோ காலில் இருந்தார், குரவையிட்டவரைப் பார்க்க வேண்டுமாம். மாமி அடுக்களையில் ஒளிந்துகொண்டாள். உம்மாதான் பிடித்து இழுத்துவந்தாள்.

அந்த அம்மா ஆன்ட்டியிடம் அரபியில் சொல்ல, ஆன்ட்டி என்னிடம் இங்கிலீஷில் சொல்ல, நான் மாமியிடம் தமிழில் சொன்னேன். என் மகனுக்குக் கல்யாணச் சீர் கொண்டுவந்தீர்களாமே, தட்டில் என்னென்ன இருந்தது என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வட்டிலாப்பம் எப்படிச் செய்வது என்று கேட்டார். சட்டைத் துணி என்ன நிறம் என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் கல்யாண வீட்டுக்காரி முகமாகவே ஆகிவிட்டது. மாமி மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள், அவர் விடவில்லை.

பிறகு அவர் சொன்னதை ஆன்ட்டி கொஞ்சம் தயங்கித்தான் எனக்குச் சொன்னார். கல்யாணம் இனிமேல்தான், அந்த ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்காருகிற நாள்தான் கல்யாண நாள், அன்றைக்கு நீங்கள் சீர் கொண்டுவர வேண்டும்.

"தேதி இன்னும் வைக்கலையாம் மாமி. வச்சதும் சொல்லுவாங்களாம்" என்றேன்.

"வருவேன்னு சொல்லு புள்ளெ. விசா முடிஞ்சு போனாலும் திரும்பி வருவேன்னு சொல்லு" என்றாள் மாமி. ஃபோனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு கிழவிகளும் ஒரே நேரத்தில் குரவையிட்டார்கள்.

மாமி ஊருக்குப் போன பிறகும் ஃபோனில் முதலில் கேட்பது தேதியைத்தான். நான் போய் எதிர்க் கதவைத் தட்டுவேன். இன்னும் இல்லை, வர மாட்டேன் என்கிறான், ஆனால் அம்மா விட மாட்டார் என்பார் நர்ஸ் ஆன்ட்டி. ஆண்டுகள் போயின, பதில் மாறவில்லை. வர மாட்டேன் என்பவர் மாப்பிள்ளைதான் என்று நினைத்து எனக்குக் கோபம் கோபமாக வரும். உம்மா தலை பின்னிவிடும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன்: இத்தனை பேர் காத்திருக்கிறோம், வந்து ஒரு நாற்காலியில் உட்கார்வதற்கு அந்த ஆளுக்கு அப்படி என்ன பயம்?