சந்தை கூடிய வயல்

அன்று குதிரைகள் மேயும் அந்த வயலில் நின்றவர்கள் நான், மனைவியின் தம்பி, தோண்டச் சம்மதம் தந்த வயல் சொந்தக்காரி, அவருடைய நாய். நாங்கள் வாடகைக்கு இருக்கும் ரெய்னர்ஸ் லேனில் பஸ் எடுத்து வந்திருந்தோம். இரண்டு மாத வாடகை நிலுவை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வீட்டை விட்டு எழும்ப வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பழைய வரைபடம் ஒன்றில் இந்த வயலில் சந்தை கூடியதாகப் போட்டிருந்தது. சந்தையென்றால் காசு தவறி விழாமலா இருக்கும்? அந்தப் பழங்காசை விற்றால் வாடகையைக் கட்டிவிடலாம். கடன்பட்டு, உலோகம் தேடும் மெசினை வாங்கினேன்.

மெசின் ஓயாமல் கத்தியது. தோண்டத் தோண்ட ஆணி, குழாய், செங்கல்.

"அத்தான், சந்தையில இரும்புக்கடை மட்டுந்தான் போட்டவங்களோ?"

"பகிடி விடாத, கிண்டு."

சொந்தக்காரி வந்து குழியை எட்டிப் பார்த்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்த வீடுகளின் இடிபாட்டை லொறி லொறியாக இங்கேதான் கொட்டினார்களாம். சந்தை கூடிய நிலம் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே கிடக்கிறதாம்.

"இனி ஏலாது, அத்தான். வாங்கோ போவம்."

நான் இன்னும் கொஞ்சம் கிண்டினேன். செங்கல்தான் வந்தது.

வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு, மெசினுக்குப் பட்ட கடன் முந்நூறு. மொத்தம் மூவாயிரத்து நூறு பவுண் கொடுக்க வேண்டும்.