ஏணைக் கயிறு

திண்டிவனத்துல டி.பி.க்கு ஊசி போட்டுக்கினப்போ எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். இருமல் நின்னுது, கூடவே ரெண்டு காதும் போச்சு. வாய் மட்டும் அப்படியே இருந்துது. என் மாமியாருக்கு அதான் பேஜாரு.

எண்பதுகளோட நடுவுல மக பொறந்தா. அப்போ நாங்க விழுப்புரத்துல இருந்தோம், அவருக்கு ரயில்வேயில வேலை. அவரு டூட்டிக்குப் போனா வீட்ல நானும் குழந்தையும்தான். புடவையில ஏணை கட்டி, புள்ளையை அதுல போட்டு, ஏணையில ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டுல முடிஞ்சுக்குவேன். அடுப்பாண்ட இருந்தாலும், அவ காலை உதைச்சா என் கை ஆடும். எழுந்து ஓடுவேன்.

புள்ளைக்கு ஆறு மாசம் இருக்கறப்போ மாமியார் வளவனூர்ல இருந்து வந்தாங்க. கயித்தைப் பார்த்ததும் மூஞ்சி மாறிடுச்சு. "செவிடி கையில புள்ளையைக் குடுத்துட்டு நான் எப்படிம்மா நிம்மதியா இருக்கிறது? காது கேக்கற வீட்ல வளரட்டும்"னாங்க. உதட்டைப் பார்த்தாலே எனக்குப் புரியும். "காதா பால் குடுக்குது?"ன்னு நானும் விடலை. அவரு மூஞ்சியைத் திருப்பிக்கினு அம்மாகிட்ட ஏதோ சொன்னாரு. திருப்பிக்கினா எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். புள்ளையைத் தூக்கிக்கினு போயிட்டாங்க.

ஒரு வாரம்கூடத் தாங்கலை. பஸ் ஏறிட்டேன். மாமியார் வாசல்ல மல்லாட்டை உரிச்சிக் கடலையை மொறத்துல போட்டுக்கினு இருந்தாங்க. "தங்கமான புள்ளை! காலையில இருந்து ஒரு அழுகை இல்ல, தூங்குது"ன்னாங்க.

உள்ள போனா, ஏணை தானா ஆடுது. துணியை விலக்கினேன். உடம்பு கொதிக்குது. உதடு வறண்டு வெடிச்சிருக்கு. வாயைத் திறந்துக்கினு, கண்ணீர் வழிய, ரெண்டு காலாலயும் உதைச்சிக்கினே இருந்தா. அந்த ஏணையில கயிறு இல்ல.

பின்னாலயே வந்த மாமியார் ஏணைக்கு அந்தப் பக்கம், எனக்கு நேரா நின்னுட்டாங்க. "ஐயோ, சத்தமே வரலியே... புள்ள அழுவுது, சத்தமே வரலியே!"ன்னாங்க.

அப்பத்தான் எனக்கே தெரியும். கத்திக் கத்திப் பார்த்து, அம்மா வரமாட்டா, உதைச்சாதான் வருவான்னு அந்தப் பச்சைமண்ணு கத்துக்கினு இருக்கு. அவ வாயைத் திறக்கிறப்போ சத்தம் வருதுன்னுதான் நான் நெனைச்சிருந்தேன். "காது கேக்கற வீடாம்! நல்லாக் கேட்டீங்க, போங்க!"ன்னு தெருவே கூடற மாதிரி கத்திட்டு, புள்ளையைத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பொழைச்சிக்கினா. அப்புறம் யாரும் புள்ளையைக் குடுன்னு கேக்கலை.

போன வருஷம் மகதான் எனக்கு ஆபரேஷன் பண்ணி, காதுக்குள்ள காக்ளியர் மெஷின் வெக்க ஏற்பாடு பண்ணா. மொதல்ல எல்லாம் தகர டப்பாவுல கல்லை உருட்டற சத்தம்தான். பழக மாசக்கணக்காச்சு. ஒரு நாள் முதுகுக்குப் பின்னால "அம்மா"ன்னு கூப்பிட்டா. திரும்பிட்டேன். அவ்ளோதான், அவ முகத்தை மூடிக்கினு உக்காந்துட்டா.

தோள் குலுங்குது. ஃபேன் ஓடறது கேக்குது. குழாய் சொட்டறது கேக்குது. அவ அழறது மட்டும் கேக்கலை.

"சத்தம் போட்டு அழுடி, இப்ப எனக்குக் கேக்கும்"னேன்.

அழுது பார்த்தா. வரலை.